சம்பந்திக்கு உப்பில்லாப் பந்தி

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, நுனி இடது பக்கம் பார்க்க வரிசையாக இலைகள். காணும் பொங்கல் மதியம். உப்புக் கிண்ணத்தோடு ஒவ்வொரு இலையாக உப்பு வைத்துக்கொண்டே வந்த நான், நடு இலைக்கு முன்னால் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

கிழவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. இந்த இலைக்கு உப்பு வைப்பதா, வேண்டாமா என்பதுதான் என் கஷ்டம்.

அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது என் சம்பந்தி தனபாக்கியம். என் கடைசி மகள் கௌசல்யாவின் மாமியார். ஊர் பெருமுக்கல் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும், எங்கள் பேச்சில் மணிலா, விளைகிற குடும்பம். எங்கள் வீட்டு உப்பைத் தின்ன மாட்டேன் என்று சத்தியம் செய்தவள்.

நாங்களோ மரக்காணத்தில் உப்பளத்துக்காரர்கள். என் மகன் ஏழுமலை குத்தகைக்கு அளம் பார்க்கிறான். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு வந்ததில்லை. அந்த வீட்டில் வந்து ஒருத்தி உப்பே வேண்டாம் என்றால் நான் என்னதான் பரிமாறுவது?

சொன்னால் எழுதுகிறாள்

இந்தக் கதையை இந்த வாரம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் இந்தப் பத்திரிகையில் வந்த, நான் நண்டுக்குப் பயந்து ஓடிய கதையைப் படித்துவிட்டு, பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்களாம். பண்டிகைக்கு வீட்டுக்கு ஆள் வந்தால் எப்படிப் பரிமாறுவது என்று சொல்லுங்களேன், எங்கள் வீட்டில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு தட்டோடு உட்காருகிறார்கள் என்று.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ரேவதி எழுதுகிறாள். நான் பேச்சில் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். படித்துக் காட்டும்போது யாரோ டீச்சரம்மா பேசுவது மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

பரிமாறுவதில் என்ன இருக்கிறது, கரண்டியில் அள்ளி இலையில் போட வேண்டியதுதானே என்பான் ஏழுமலை. அப்படிச் சொல்கிறவனை ஒரு தரம் பந்தியில் சாம்பார் வாளியோடு விட்டேன். முதல் நான்கு இலைக்குக் காய் எல்லாம் போய்விட்டது. கடைசி நான்கு இலைக்கு வெறும் தண்ணீர். வாளியின் அடியைக் கலக்கி எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கடைசி இலையில் உட்கார்ந்திருந்தது அவன் மாமனார். ரேவதி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். பாருங்கள், இதை மட்டும் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

போதும் என்பதில் மூன்று வகை

பரிமாறுகிறவளுக்குக் கையைவிடக் கண்தான் முக்கியம். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கவே கூடாது. முகம் பொய் சொல்லும். இலையைத்தான் பார்க்க வேண்டும்.

போதும் என்கிறவர்களில் மூன்று வகை உண்டு. இரண்டு கையையும் விரித்து இலையை மூடிக்கொள்கிறவருக்கு நிஜமாகவே போதும். விட்டுவிடலாம். ஒரு கையை மட்டும் உயரத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்கிறவருக்கு வேண்டும். அந்தக் கைக்குக் கீழே கரண்டி போகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார், கவனித்துப் பாருங்கள். மூன்றாவது வகை, எல்லாவற்றையும் போட வைத்துவிட்டு, போட்டு முடித்த பிறகு, ஐயோ போதுமே என்கிறவர்கள். என் வீட்டுக்காரர் இந்த வகை. போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. படையல் போடும்போதுகூட, எல்லாம் வைத்து முடித்த பிறகு ஒரு நிமிஷம் நிற்பேன். அந்தப் 'போதுமே' வந்துவிடும் என்று.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியே இல்லை. பஃபே என்றார்கள். கையில் தட்டைக் கொடுத்து வரிசையில் நிற்க வைத்தார்கள். ரேஷன் கடை ஞாபகம் வந்துவிட்டது. பின்னால் நின்ற பெண் நகருங்க ஆயா, நகருங்க ஆயா என்று தள்ளியதில் நான் ஐஸ்கிரீமை முதலில் வாங்கிவிட்டேன். அது உருகிக் குருமாவில் கலந்தது. ருசி ஒன்றும் மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, உப்பு. இலையில் முதலில் வைக்க வேண்டியது அதுதான், இடது ஓரத்தில், ஒரு சிட்டிகை. அந்தக் காலத்தில் நாங்கள் அளத்து வரப்பில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடும்போது அதுகூடத் தேவைப்படாது. காலையிலிருந்து உப்பு வாரிய கை. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் வெள்ளையாக நிற்கும். சோற்றைப் பிசைந்தால் கையிலிருந்தே உப்பு இறங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்த வேதவல்லி மட்டும் சோறு சப்பென்று இருக்கிறது என்பாள். அவள் எவ்வளவு வேலை செய்தாள் என்பது எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். தனபாக்கியத்தின் சத்தியத்துக்கு வருகிறேன்.

ஒரு சத்தியமும் ஒரு சர்க்கரைப் பொங்கலும்

கௌசல்யாவும் மணிகண்டனும் புதுச்சேரியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பார்த்தார்கள், பிடித்தது, வந்து சொன்னார்கள். தனபாக்கியத்துக்குத் தன் அண்ணன் மகளை மருமகளாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அந்தப் பெண் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவு செய்துவிட்ட ஆசை. அது போயிற்று என்றால் வயிறு எரியத்தானே செய்யும். மகனிடம், கட்டிக்கொள், ஆனால் அந்த உப்பளத்து வீட்டு உப்பு என் நாக்கில் படாது என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணம் அவர்கள் ஊரில் நடந்தது. அவளேதான் முன்னால் நின்று எங்களுக்கெல்லாம் இலை போட்டு, வயிறு வெடிக்கப் பரிமாறினாள். பரிமாறுவதில் அவள் கெட்டிக்காரி, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மறுவீட்டுக்கு வரவில்லை. கால் வலி என்றாள்.

வளைகாப்புக்கு நாங்கள் கட்டுசாதம் செய்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் வரிசையாக வைத்தோம். அவள் சர்க்கரைப் பொங்கலை மட்டும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். எனக்கு ஸ்வீட்டுன்னா உசிரு என்றாள். அவளுக்கு அப்போதே சர்க்கரை நோய். சத்தியத்துக்காகச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டவள் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

அப்புறம் பிரசவத்துக்குக் கௌசல்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் காணும் பொங்கலுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்த முறை தனபாக்கியமும் வருகிறாள். பேத்தியை அழைக்கக் கால் வலி குறுக்கே வரவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். கௌசல்யா முகத்தில்தான் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, அத்த இங்க வந்தும் சாப்புடாம எழுந்தாங்கன்னா, நான் அங்க போய் அவங்க போடற சோத்த எப்படிம்மா முழுங்கறது? தெனம் மூணு வேளயும் அதான் எனக்கு ஞாபகம் வரும்."

அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுப்படி ஆலோசனை

ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள் என்பார்களே, ரேவதி ஒருத்தியே ஆறு யோசனை சொல்வாள். ஹோட்டலில் ஆர்டர் செய்துவிடலாம், ஹோட்டல் உப்பு நம்ம உப்பு ஆகாதே என்றாள். மகளை அழைக்க வந்த சம்பந்திக்கு டப்பாவில் சோறா என்றேன். அப்படியானால் கடையில் பாக்கெட் உப்பு வாங்கிப் போடலாம் என்றாள். அந்தப் பாக்கெட் உப்பு எங்கே விளைந்தது என்று யார் கண்டது? நம் அளத்தில் லாரி ஏறிப் போனதே கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கும்.

கடைசியில் நான்தான் முடிவு செய்தேன். சமையல் மொத்தமும் உப்பில்லாமல் செய்வது. எல்லாருடைய இலையிலும் ஓரத்தில் உப்பு வைத்துவிடுவது. வேண்டியவர்கள் தொட்டுக் கலந்துகொள்ளட்டும். அவளுக்கு மட்டும் தனியாகச் செய்தால் அது பந்தியில் பேதம். அவள் ஒருத்தி இலை மட்டும் வேறாக இருந்தால் விருந்துக்கு வந்தவளை ஒதுக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். எல்லார் இலையும் ஒன்றாக இருந்தால், அவள் சத்தியமும் பிழைக்கும், வயிறும் நிறையும்.

காணும் பொங்கலுக்கு எங்கள் பக்கம் கறி எடுப்போம். உப்பில்லாத கறிக் குழம்பை மனசுக்குள்ளேயே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். வேண்டாம், சைவமே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். ஏழுமலை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"யம்மா, உப்பளத்துக்காரன் வூட்டு விருந்துல உப்பு இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு என் உப்ப எவன் வாங்குவான்?"

நாங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம் தெரியுமா! அப்பளத்தில் உப்பு இருக்கிறது, வேண்டாம். ஊறுகாய், மோர் மிளகாய், வேண்டவே வேண்டாம். எங்கள் போர் தண்ணீரே கரிக்கும். அதில் சோறு வடித்தால் சத்தியம் போய்விடுமா, நிற்குமா என்று ரேவதி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று அரிசி கழுவுவதற்குக்கூடக் கேன் தண்ணீர் வாங்கினோம். உப்பு ஜாடியைத் தூக்கி, கை பழக்கத்தில் போட்டுவிடாமல் இருக்க, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அப்படியும் வடை மாவு அரைக்கும்போது என் கை இரண்டு தரம் காற்றில் உப்பை அள்ளிப் போட்டது.

நடு இலை

இப்போது குனிந்து நின்ற இடத்துக்கு வருகிறேன்.

எல்லாருக்கும் வைப்பது என்று முடிவு செய்ததெல்லாம் அடுப்படியில். அவள் இலைக்கு எதிரில் வந்ததும் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வைத்தால் குத்திக் காட்டுகிறேன் என்று நினைப்பாளோ? வைக்காமல் போனால் அவமானப்படுத்திவிட்டாள் என்பாளோ? தனபாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. இலையில் இல்லாத தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒரு சிட்டிகையை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். அடுத்த இலை அவள் வீட்டுக்காரர். பாவம், வாயில்லாப் பூச்சி. இலையில் உப்பைப் பார்த்ததும், தப்பு செய்தவர் மாதிரி மனைவியைப் பார்த்தார்.

"இன்னைக்கு எதுலயும் உப்பு போடல சம்மந்தி. வேணுங்கறவங்க எலையில தொட்டுக்கலாம். நீங்க தைரியமா சாப்புடுங்க."

இத்தனை நாளும் எல்லாருக்கும் தெரிந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. மணிகண்டன் காது சிவந்துவிட்டது. தனபாக்கியம், சரி போடுங்க என்றாள்.

பாயசத்தைத் தொட்டு வைத்தோம். பரங்கிக்காய்ப் பொரியல், மொச்சைக் கூட்டு, வடை. சோறு போட்டுப் பருப்பும் நெய்யும் விட்டோம். எல்லாரும் ஓரத்து உப்பை எடுத்துப் பிசைந்தார்கள். ஏழுமலை பிசைந்த பிசையில் இலை கிழிந்தது. தனபாக்கியம் மட்டும் உப்பைத் தொடவில்லை. உப்பில்லாத பருப்புச் சோற்றை உருட்டி உருட்டி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சாப்பிட்டாள். வடையைக் கடித்துவிட்டு, நல்லா வெந்திருக்குது என்றாள். உப்பில்லாத வடையைப் பற்றி அதற்கு மேல் ஒருவர் நல்லது சொல்ல முடியாது. எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது சாம்பார். கௌசல்யாவே ஊற்றினாள். தனபாக்கியம் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவது பாதியில் நின்றது.

"இதுல உப்பு இருக்குது."

என் வயிற்றில் புளி கரைத்தது. பாப்பா மேல் சத்தியமாகப் போடவில்லை சம்பந்தி என்றேன். பாப்பா மேல் சத்தியம் செய்ய வேண்டாம், அவள் எனக்கும்தான் பேத்தி என்றாள். ரேவதி போடவில்லை என்றாள். கௌசல்யா சாம்பார் வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மகளை அனுப்புகிற நாளில் ஏமாற்றி உப்பு போட்டார்கள் என்று பேர் வந்துவிட்டதே!

தனபாக்கியம் சந்தேகத்துக்கு இன்னொரு வாய் வைத்தாள். உப்புதான் என்றாள். மூன்றாவதாகவும் ஒரு வாய் வைத்தாள். அது சந்தேகத்துக்குச் சாப்பிட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"புளி எப்ப அடச்சீங்க?"

போன சித்திரையில் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

கோடையில் புளி வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, பூச்சி பிடிக்காமல் இருக்கக் கல்லுப்பைத் தூவித் தூவித்தானே பானையில் அடைத்து வைப்போம்? மற்ற வீட்டில் ஒரு கை உப்பு போட்டால் எங்கள் வீட்டில் மூன்று கை போடுவோம். காசா, பணமா? அப்பளத்தைத் தள்ளினோம், தண்ணீரைக்கூட விலைக்கு வாங்கினோம். புளியை யாரும் நினைக்கவில்லை. அதைக் கரைத்துத்தானே சாம்பார் வைத்தோம்!

"எங்க வூட்லயும் அப்படித்தான் அடைப்போம்," என்றாள் தனபாக்கியம். "ஆனா இவ்ளோ உப்பு போட மாட்டோம்."

முதலில் சிரித்தது அவள் வீட்டுக்காரர். அந்த மனிதருக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டார். ஆனால் அவள் வாய் ஓரமும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அவள் கையை என் பக்கம் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க.

"நாக்குல பட்டது பட்டுடுச்சு. உப்பு குடு."

இலையிலயே இருக்குதே என்று காட்டினேன்.

"அது எலைக்கு வெச்சது. எனக்குக் கையில குடு."

உப்பைக் கையோடு கை கொடுக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். அப்படிக் கொடுத்தால் கொடுத்தவளுக்கும் வாங்கினவளுக்கும் சண்டை வந்துவிடும். கடைக்காரர்கூடத் தராசில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்பார். அதைச் சொன்னேன்.

"வரட்டும். ரெண்டு வருசமா கால் வலி, ஸ்வீட்டு புடிக்கும்னு பொய் சொல்லியே எனக்கு அலுத்துப் போச்சு. சண்ட கூட போட்டுக்காதவங்க இன்னா சம்மந்தி?"

கிண்ணத்தில் இருந்த கல்லுப்பை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கை என் கை மாதிரியே சொரசொரப்பாக இருந்தது. வைத்ததும் முதல் சண்டை வந்துவிட்டது. இவ்ளோ எதுக்கு, எனக்கு பிரஷர் இருக்குது என்றாள். கேட்டது நீங்கள்தானே என்றேன்.

கௌசல்யா வாளியைக் கீழே வைத்தாள். பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிடுவது. ஆனால் அவள் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி ரேவதியிடம் சொல்லிவிட்டு, மாமியார் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அதட்டவில்லை. தனபாக்கியம் தன் இலை ஓரத்தில் இருந்த உப்பைக் கிள்ளி மருமகள் இலையில் வைத்து, சாப்புடு, பால் குடுக்கற பொண்ணு என்றாள்.

ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள். போதுமா என்று கேட்டபோது ஒரு கையை மட்டும் உயரத் தூக்கினாள். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்

சாயங்காலம் வேனில் ஏறும்போது இரண்டாவது சண்டை. பாப்பாவுக்கு நான் வைத்த மைப் பொட்டு ஊரளவு பெரிசு என்றாள். உங்க கண்ணே படாம இருக்கத்தான் வெச்சேன் என்றேன். மணிகண்டன் பதறிப் போய் எங்கள் இருவரையும் பார்த்தான். கௌசல்யா மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் போன். என்ன பொடி போடுறீங்க சாம்பாருக்கு, பெருங்காயம் தூக்குது என்று ஒரு சண்டை. அடுத்த வாரம் பாப்பாவுக்கு மொட்டை எந்தக் கோயிலில் என்று ஒரு சண்டை. அது இன்னும் முடியவில்லை. முடியவும் விட மாட்டோம். இந்தத் தகராறில் தானே ஜெயித்துவிட்டதாக ஒரு நாள் அவள் சொன்னபோது, சரி என்று விட்டுக்கொடுக்கப் பார்த்தேன். அதெப்படி விட்டுக்கொடுப்பீங்க என்று அதற்கும் சண்டை.

போன வாரம் மூன்று நாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. ரேவதியிடம் நம்பர் போட்டுத் தரச் சொல்லி, அவள் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே, நீங்க அனுப்பின மணிலாவுல பாதி சொத்தை என்று ஆரம்பித்து வைத்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு நல்ல தெம்பான குரலில், "உங்களுக்கு அதுவே அதிகம்," என்றாள்.